போர்க்காலத்தில் வால்ட் விட்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஓ கேப்டன்! மை கேப்டன்!’ பாட்டை எழுதியவர் என்ற அளவில் வால்ட் விட்மனைப் பலரும் பள்ளிக்கூடத்திலேயே சந்தித்திருப்பார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார், எதை வைத்துச் சாப்பிட்டார் என்று கேட்டால் பதில்கள் தாறுமாறாக வரும். போர்வீரர் என்பார்கள், டாக்டர் என்பார்கள், லிங்கனின் நண்பர் என்பார்கள். மூன்றுமே இல்லை. கவிஞராக மட்டும் பார்த்தால் அவருடைய அந்த நான்கு ஆண்டுகள் பிடிபடாது என்பது என் எண்ணம். பெயர், ஊர், படைப்பிரிவு, கட்டில் எண் என்று ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளும் பத்திரிகைக்காரராகப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வரும்.

போருக்கு முன்பு விட்மன் என்ன செய்துகொண்டிருந்தார்?

1819 மே 31 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு 11 வயதோடு சரி. அடுத்து அச்சுக்கூடம், எழுத்துக் கோக்கக் கற்றார். கொஞ்ச காலம் கிராமத்துப் பள்ளிகளில் வாத்தியார். 1838இல் ‘லாங் ஐலண்டர்’ என்ற வாரப் பத்திரிகையைத் தாமே தொடங்கி, தாமே எழுதி, தாமே அச்சடித்து, குதிரையில் ஏறிப் போய் வீடு வீடாகப் போட்டார். 1846இல் ‘புரூக்ளின் டெய்லி ஈகிள்’ ஆசிரியர் ஆனார். புதிதாகச் சேரும் பகுதிகளில் அடிமை முறையை அனுமதிக்கக் கூடாது என்ற அவருடைய நிலை உரிமையாளருக்கு ஒத்துவராததால் 1848 தொடக்கத்தில் வேலை போயிற்று. நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகை ஒன்றில் மூன்று மாதம், பிறகு மறுபடி புரூக்ளின் என்று ஓடியது வாழ்க்கை.

1855இல் ‘புல்லின் இதழ்கள்’ வந்தது. 12 கவிதைகள், சுமார் 800 பிரதிகள், சொந்தச் செலவு. சில பக்கங்களுக்கு அவரே எழுத்துக் கோத்தார். முகப்பில் ஆசிரியர் பெயர் கிடையாது, படம் மட்டும் இருந்தது. பெரிய எழுத்தாளரான எமர்சன் வாழ்த்தி ஒரு கடிதம் எழுத, அதை அனுமதி கேட்காமலே பத்திரிகையில் போட்டுவிட்டு, அடுத்த பதிப்பின் முதுகில் அதிலிருந்து ஒரு வரியைத் தங்க எழுத்தில் பொறித்தும் விட்டார். தம் நூலுக்குத் தாமே பெயரில்லாமல் மதிப்புரை எழுதியவரும் அவர்தான். அடக்கம் அவருடைய குணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

போர் தொடங்கிய செய்தி அவருக்கு எப்படிக் கிடைத்தது?

1861 ஏப்ரல் 13 இரவு. நியூயார்க்கில் 14ஆம் தெருவில் ஆபெரா என்னும் இசை நாடகம் பார்த்துவிட்டு, நள்ளிரவு நெருங்கும் வேளையில் பிராட்வே வழியாக நடந்து வருகிறார். பத்திரிகை விற்கும் பையன்கள் கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். ஒரு சிறப்புப் பதிப்பை வாங்கிக்கொண்டு, ஓட்டல் ஒன்றின் விளக்குகள் பிரகாசமாக எரியும் இடத்துக்குப் போய்ப் படிக்கிறார். கையில் பத்திரிகை இல்லாதவர்களுக்காக ஒருவர் உரக்கப் படிக்க, கூட்டம் பேசாமல் கேட்டது என்று பின்னாளில் எழுதினார். நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை, தென் கரோலைனாவில் சம்டர் கோட்டை மீது குண்டு வீசிய செய்தி அது. வடக்குக்கும் தெற்குக்கும் போர் தொடங்கிவிட்டது.

அவர் ஏன் படையில் சேரவில்லை?

அப்போது அவருக்கு வயது 41. தலைமுடியும் தாடியும் நரைத்திருந்தன. தாய் வழியில் குவேக்கர் மரபு உண்டு. அது கொலையை ஏற்காத மரபு. வீட்டில் வயதான தாய், மனவளர்ச்சி குன்றிய கடைசித் தம்பி, நோயாளிகளான வேறு இரு சகோதரர்கள். இவற்றில் எது முக்கியக் காரணம் என்று அவர் எங்கும் தெளிவாகச் சொல்லவில்லை. இன்னொரு தம்பி ஜார்ஜ் உடனே சேர்ந்துவிட்டார்.

வால்ட் செய்தது வேறு. போர் மூண்ட அதே வாரம், ஏப்ரல் 16 அன்று, குறிப்பேட்டில் ஒரு சபதம் எழுதினார்: இனித் தண்ணீரும் பாலும் தவிர வேறு பானம் இல்லை, கொழுப்பு இறைச்சி இல்லை, இரவு வெகுநேரம் கழித்துச் சாப்பிடுவது இல்லை, தூய்மையான திடமான உடம்பு ஒன்றை உண்டாக்கிக்கொள்ளப் போகிறேன். நாடு இரண்டாகப் பிளக்கும்போது ஒரு மனிதர் பால் குடிக்கத் தீர்மானிப்பது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உடம்பு பின்னால் வேறு விதத்தில் செலவானது.

முதல் ஒன்றரை ஆண்டு என்ன செய்தார்?

பெரிதாக எதுவும் இல்லை. ‘அடி! அடி! முரசே!’ என்று தொடங்கும் ஆர்ப்பாட்டமான போர்ப்பாட்டு ஒன்றை 1861 செப்டம்பரில் வெளியிட்டார். புரூக்ளின் நகர வரலாற்றைத் தொடர் கட்டுரையாக எழுதிப் பணம் பார்த்தார். பாஃப் என்பவரின் நிலவறை மதுக்கடையில் எழுத்தாளர் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் ஒரு பழக்கத்தை இங்கே கவனிக்க வேண்டும். பிராட்வே மருத்துவமனைக்கு அவர் அடிக்கடி போவார். குதிரை வண்டி ஓட்டிகள் விபத்தில் அடிபட்டு அங்கே கிடப்பார்கள்; அவர்களில் பலர் அவருக்கு நண்பர்கள். அந்த மருத்துவமனையைப் பற்றி 1862இல் புனைபெயரில் பத்திரிகைக் கட்டுரைகளும் எழுதினார். வாஷிங்டனுக்குப் போனதும் திடீரென்று தொண்டர் ஆகிவிட்டார் என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். கட்டில் ஓரம் உட்கார்ந்து பேசும் கலை அவருக்கு முன்பே கைவந்திருந்தது.

அப்படியானால் வாஷிங்டனுக்கு ஏன் போனார்?

ஒரு அச்சுப்பிழையால் என்று சொல்லலாம். 1862 டிசம்பர் 13 அன்று வர்ஜீனியாவில் ஃபிரெடெரிக்ஸ்பர்க் போர் நடந்தது. வடக்குப் படையில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சேர்த்து 12,000க்கு மேல். 16ஆம் தேதி நியூயார்க் பத்திரிகையில் வந்த காயமடைந்தோர் பட்டியலில் ‘லெஃப்டினன்ட் ஜி. டபிள்யூ. விட்மோர்’ என்று ஒரு பெயர். அச்சுக்கூடத்தில் வளர்ந்தவருக்கு அது யார் என்று புரிய நேரம் ஆகவில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் விட்மன்தான்.

அன்றே கிளம்பினார். பிலடெல்பியாவில் ரயில் மாறும் நெரிசலில் யாரோ பாக்கெட்டை அடித்துவிட்டார்கள். கையில் ஒரு காசு இல்லை. வாஷிங்டனில் இறங்கி மருத்துவமனை மருத்துவமனையாக நடந்தார். நகரம் முழுவதும் ஏறக்குறைய 40 இடங்களில் காயம்பட்டவர்கள் கிடந்தார்கள். எதிலும் தம்பி இல்லை. வாழ்க்கையிலேயே தாம் பட்ட மிகப் பெரிய துன்பம் அந்த மூன்று நாள்தான் என்று தாய்க்கு எழுதினார். பழைய பதிப்பாளர் சார்ல்ஸ் எல்ட்ரிட்ஜும் நண்பர் வில்லியம் ஓ’கானரும் பணம் கொடுத்து, போர்முனைக்குப் போக அனுமதிச் சீட்டும் வாங்கித் தந்தார்கள்.

ஃபால்மத் முகாமில் ஜார்ஜ் நின்றுகொண்டிருந்தார். காலடியில் வெடித்த குண்டின் சிதறல் கன்னத்தைத் துளைத்திருந்தது, அவ்வளவுதான். பதவி உயர்வு பெற்றுக் கேப்டனும் ஆகியிருந்தார்.

தம்பியைப் பார்த்தாயிற்று. ஏன் வீடு திரும்பவில்லை?

தம்பியைத் தேடிப் போன வழியில் வேறொன்றைப் பார்த்துவிட்டார். மருத்துவமனையாக மாற்றப்பட்ட லேசி மாளிகையின் முன்னால், ஒரு மரத்தடியில், வெட்டி எறியப்பட்ட பாதங்கள், கால்கள், கைகள் குவிந்து கிடந்தன. அதற்கு அவர் சொன்ன அளவு, ஒற்றைக் குதிரை வண்டி நிறைய. அதிர்ச்சியைச் சொல்ல உரிச்சொல் எதுவும் தேடவில்லை. எவ்வளவு என்று மட்டும் எழுதினார்.

முகாமில் பத்து நாள்போலத் தங்கினார். ஒரு விடியற்காலையில் மருத்துவக் கூடாரத்துக்கு வெளியே ஸ்ட்ரெச்சர்களில் மூன்று பிணங்கள், மேலே கம்பளி. ஒன்றை விலக்கி முகத்தைப் பார்க்கிறார். அமைதியான, மஞ்சள் பூத்த இளைஞன் முகம். ‘என் இறந்த கிறிஸ்துவின் முகம்’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். அந்தக் குறிப்பே பிறகு கவிதையாயிற்று. கவிதையில் மூன்று கம்பளிகளையும் ஒவ்வொன்றாக விலக்குவார். முதலில் நரைத்த முதியவர், அடுத்தது பூப்போன்ற கன்னமுள்ள சிறுவன், மூன்றாவது முகம் கிறிஸ்துவினுடையது. குறிப்பில் இருந்தது ஒரே முகம். கவிதைக்கு மற்ற இரண்டையும் திறக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் இறுதியில் காயம்பட்டவர்களை ஏற்றிய ரயிலிலும் நீராவிப் படகிலும் கூடவே வாஷிங்டன் வந்தார். சில நாள் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர் அந்த நகரத்தில் பத்து ஆண்டு இருந்தார்.

பிழைப்புக்கு என்ன செய்தார்?

ராணுவச் சம்பளப் பட்டுவாடா அலுவலகத்தில் நகலெழுத்து வேலை. தினமும் இரண்டு மூன்று மணி நேரம். ஐந்தாம் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். சம்பளப் பாக்கியை வாங்க ஊன்றுகோலோடு படியேறி வரும் நோயாளிச் சிப்பாய்கள், தாள்களில் ஏதோ குறை என்று வெறுங்கையோடு இறங்குவதைத் தினம் பார்த்தார். மற்ற வருமானம் பத்திரிகைக் கட்டுரைகள்.

நிரந்தர அரசு வேலைக்கும் முயன்றார். எமர்சன் எழுதித் தந்த சிபாரிசுக் கடிதம் 1863 டிசம்பரில் நிதி அமைச்சர் சால்மன் சேஸிடம் போயிற்று. ‘புல்லின் இதழ்கள்’ போன்ற கெட்ட நூலை எழுதியவருக்கு வேலை தர முடியாது என்று சொல்லிவிட்ட சேஸ், எமர்சன் கையெழுத்து தம்மிடம் இல்லையே என்று கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டார்!

மருத்துவமனைகளில் அவர் நர்ஸாக வேலை பார்த்தாரா?

இல்லை. சம்பளம் இல்லை, பதவியும் இல்லை. கிறிஸ்டியன் கமிஷன் என்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி என்று ஒரு சீட்டு தொடக்கத்தில் இருந்தது. அதை அவர் அதிகம் பயன்படுத்தவில்லை. எப்போதாவது காயத்துக்குக் கட்டுப் போட உதவியிருக்கிறார். ‘காயத்துக்குக் கட்டுப் போடுபவர்’ என்ற புகழ்பெற்ற கவிதையால் அதுவே முழுநேர வேலை என்ற எண்ணம் பரவிவிட்டது.

அவர் செய்தது இதுதான். போகும் முன் குளிப்பார், துவைத்த உடை உடுத்துவார், வயிறாரச் சாப்பிடுவார், ஓய்வெடுப்பார். நோயாளியின் எதிரில் சோர்ந்த முகத்தோடு போகக் கூடாது என்பது விதி. ஆறடி உயரம், 90 கிலோ எடை, சிவந்த முகம், பெரிய தாடி. தோளில் பை. அதில் ஆரஞ்சு, எலுமிச்சை, ஜெல்லி, பிஸ்கட், புகையிலை, தாள், உறை, தபால்தலை, சில்லறை நோட்டுகள். ஒரு வார்டில் நுழைந்தால் கட்டில் கட்டிலாகப் போவார். சிலரிடம் ஒரு வார்த்தை, சிலரிடம் ஒரு மணி நேரம். கையில் தாள்களை மடித்துத் தைத்த சின்னக் குறிப்பேடு இருக்கும். அப்படிச் சுமார் 40 குறிப்பேடுகள் சேர்ந்தன. சிலவற்றில் ரத்தக்கறை உண்டு.

அவற்றில் எழுதியிருப்பது என்ன? 52ஆம் கட்டில், நியூ ஜெர்சி 28ஆம் படைப்பிரிவு: தொண்டைப் புண், ஒரு நல்ல புத்தகமும் தொண்டைக்கு இதமான மூலிகை மிட்டாயும் வேண்டும். 6ஆம் கட்டில், பென்சில்வேனியா 145: மஞ்சள் காமாலை, அக்கி, காயமும் உண்டு, சட்டென்று குமட்டுகிறது, ஆரஞ்சும் கொஞ்சம் புளிப்பு ஜெல்லியும் கொண்டுவர வேண்டும். இது செய்தியாளரின் குறிப்பு, மளிகைச் சிட்டை, கவிதையின் கச்சாப் பொருள் மூன்றும் ஒருசேர.

1864 ஜூன் வெயிலில் கார்வர் மருத்துவமனைக்குப் பத்து கேலன் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போய், 15 வார்டுகளிலும் தாமே சுற்றிக் கொடுத்தார். கை அசைக்க முடியாதவர்களுக்கு ஊட்ட வேண்டியிருந்தது. மேற்கத்திக் கிராமப் பையன்கள் பலர் அன்றுதான் முதல்முறை ஐஸ்கிரீம் தின்றார்களாம்.

இதற்கெல்லாம் பணம்? பாஸ்டன், நியூயார்க், புரூக்ளின் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். தம்பி ஜெஃப் வேலை பார்த்த புரூக்ளின் குடிநீர் வாரியப் பொறியாளர்கள்கூட மாதாமாதம் சிறு தொகை அனுப்பினார்கள்.

சிப்பாய்களுக்காகக் கடிதம் எழுதினாராமே?

ஆமாம். எழுதத் தெரியாதவர்கள், கை போனவர்கள், எழுந்து உட்கார முடியாதவர்கள் எல்லாருக்கும். 1866 ஜனவரியில், போர் முடிந்த பிறகும் காசநோயோடு மருத்துவமனையில் கிடந்த ஒரு நியூ ஹாம்ப்ஷயர் சிப்பாய்க்காக அவன் மனைவிக்கு எழுதிய கடிதம் அரசு ஆவணக் காப்பகத்தில் ஓய்வூதியக் கோப்பு ஒன்றுக்குள் கிடைத்தது. ‘நண்பன் வால்ட் விட்மன் எழுதியது’ என்று அடியில் குறித்திருக்கிறார். இப்படி எழுதியவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக் கூடியவை. ஏழைக் குடும்பங்களுக்குப் போன கடிதங்கள் அல்லவா?

இறந்தவரின் பெற்றோருக்கு எழுதியது வேறு வகை. எராஸ்டஸ் ஹாஸ்கெல் நியூயார்க் 141ஆம் படைப்பிரிவில் புல்லாங்குழல் ஊதுபவன். டைபாய்டு காய்ச்சலோடு ஆர்மரி ஸ்கொயர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1863 ஆகஸ்டில் இறந்தான். அதிகம் பேச மாட்டான். எதற்கும் முறையிட மாட்டான். கட்டில் அருகே சிறு மேசையில் குழல் இருந்தது. குணமானால் உங்களுக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டுகிறேன், ஆனால் இன்னும் எனக்குச் சரியாக வராது என்றானாம். இதையெல்லாம் பெற்றோருக்கு எழுதுகிறார் விட்மன். எப்போது படுக்கையில் விழுந்தான், என்ன மருந்து கொடுத்தார்கள், கடைசியில் எப்படி இருந்தான் என்று தாய் கேட்கக்கூடிய அத்தனைக்கும் அந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது. ஆறுதல் வாக்கியங்களைவிட அந்த விவரங்கள்தான் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டிருக்கும்.

வயலில் இருக்கும் தந்தையை மகள் கூப்பிடுவதாகத் தொடங்கும் அவருடைய கவிதையில், ஓஹையோ பண்ணை வீட்டுக்கு மகன் பெயரில் ஒரு கடிதம் வருகிறது. உறையைப் பிரித்த தாய் முதலில் பார்ப்பது செய்தியை அல்ல, அந்நியக் கையெழுத்தை. அந்தக் கையெழுத்துக்கு உரியவராகப் பலமுறை இருந்தவர் எழுதிய கவிதை அது.

மருத்துவமனைகளில் எல்லாரும் அவரை விரும்பினார்களா?

சிப்பாய்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள். ஆர்மரி ஸ்கொயரின் தலைமை மருத்துவர் வில்லார்ட் பிளிஸ் அவரைப் பெரிதும் புகழ்ந்தார். அதே மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஹேரியட் ஹாலி, ‘என் பையன்களிடம் தீமையும் நாத்திகமும் பேச அந்த அருவருப்பான விட்மன் வருகிறார்’ என்று கணவருக்கு எழுதினார். ஆபாசக் கவிஞர் என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே வார்டுக்கு வந்துவிட்டிருந்தது.

உண்மையில் அவர் யாரிடமும் மதத்தைப் பற்றி வாதாடவில்லை. ஆஸ்கார் வில்பர் என்ற சிப்பாய் சாகும் தறுவாயில் புதிய ஏற்பாட்டைப் படிக்கச் சொன்னான். சிலுவைப் பாடுகளைப் படித்தார். உயிர்த்தெழுந்த பகுதியையும் படியுங்கள் என்றான், அதையும் படித்தார். உங்களுக்கு மதத்தில் ஈடுபாடு உண்டா என்று கேட்டான். ‘நீ நினைக்கிற விதத்தில் இல்லாமல் இருக்கலாம், கண்ணே, ஆனாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்’ என்றார்.

அத்தனை பேர் எதனால் இறந்தார்கள்?

குண்டைவிட நோயால் இறந்தவர்களே அதிகம். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கில் போரில் இறந்தவர்கள் சுமார் 6,20,000. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரைக் கொண்டுபோனவை டைபாய்டு, வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்றவை. கிருமிகளைப் பற்றிய அறிவு மருத்துவத்துக்கு இன்னும் வரவில்லை. ஒரே கத்தி, ஒரே பஞ்சு பல உடம்புகளுக்கு. மோசமான நோயாளிகள் குவிந்த ஆர்மரி ஸ்கொயரின் பக்கத்திலேயே சாக்கடையாகிப்போன கால்வாய் ஓடியது. அங்கே நிலைமை மோசம் என்பதாலேயே விட்மன் அங்கே அதிகம் போனார். இன்று அந்த இடத்தில் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது.

பத்திரிகைகளில் என்ன எழுதினார்?

நியூயார்க் டைம்ஸில் 1863 பிப்ரவரி 26 அன்று வந்த ‘நோயாளிகளின் மாபெரும் படை’ முக்கியமானது. அரசின் காப்புரிமை அலுவலகக் கட்டடம் அப்போது மருத்துவமனையாக இருந்தது. கண்டுபிடிப்பு மாதிரிகள் அடுக்கிய உயரமான கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கட்டில்கள், பளிங்குத் தரை, இரவில் விளக்கு. இதே கட்டடத்தில்தான் 1865 மார்ச்சில் லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு நடன விருந்து நடந்தது. அன்று விட்மன் அங்கே போய் நடன, விருந்துக் கூடங்களைப் பார்த்து, பழைய கட்டில்களை நினைத்துக்கொண்டார்.

அந்தக் கட்டுரையில் மாசசூசெட்ஸ் சிப்பாய் ஒருவன் வருகிறான். கடும் வயிற்றுப்போக்கு, யாரும் கவனிக்காததால் சாவை எதிர்பார்த்துக் கிடந்தான். விட்மன் அவனுக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டு, கொஞ்சம் சில்லறையும் கொடுத்தார். வார்டில் ஒரு கிழவி விற்கும் பாலை ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்க ஆசை என்றவன், காசு கைக்கு வந்ததும் அழுதுவிட்டான். பின்னர் பிழைத்துக்கொண்டான். பெரிய மருத்துவமனை, ஆயிரம் ரூல்கள். ஒரு டம்ளர் பாலுக்கு வழியில்லை. நிர்வாகத்தைப் பற்றிய விமர்சனத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

80,000 முதல் 1,00,000 பேரைப் பார்த்ததாகச் சொல்கிறாரே, உண்மையா?

600க்கு மேற்பட்ட முறை மருத்துவமனைகளுக்குப் போனதாகவும் அவ்வளவு பேரைப் பார்த்ததாகவும் அவரே எழுதினார். வார்டைக் கடந்து போகும்போது கண்ணில் பட்ட எல்லாரையும் சேர்த்தால் அப்படி வரலாம். தம்மைப் பற்றிய எண்களில் அவர் தாராளமானவர்; சொந்த நூலுக்குச் சொந்த மதிப்புரை எழுதிய ஆளை நினைவில் வையுங்கள்.

லிங்கனும் அவரும் பேசிக்கொண்டதுண்டா?

இல்லை. 1863 கோடையில் லிங்கன் நகருக்கு வெளியே தங்கி, காலை எட்டரை மணி வாக்கில் குதிரையில் வெள்ளை மாளிகைக்கு வருவார். கூடவே உருவிய வாளோடு 25, 30 குதிரைவீரர்கள். விட்மன் குடியிருந்த பகுதி வழியில்தான் இருந்தது. அடிக்கடி பார்த்து, இருவரும் தலையசைத்து வணங்கிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது என்று எழுதுகிறார். லிங்கனின் முகத்தில் இருந்த ஆழ்ந்த துயரத்தை எந்த ஓவியரும் பிடிக்கவில்லை என்பது அவருடைய குறை.

லிங்கன் கொல்லப்பட்டபோது எங்கே இருந்தார்?

புரூக்ளினில், தாயோடு. 1865 ஏப்ரல் 15 காலை செய்தி வந்தது. தாய் வழக்கம்போலக் காலை உணவு செய்தார், யாரும் தொடவில்லை. ஆளுக்கு அரைக் கோப்பை காபி. ஒவ்வொரு பதிப்பாகப் பத்திரிகை வாங்கி, பேசாமல் கைமாற்றிப் படித்தார்கள். முற்றத்தில் லைலாக் பூத்திருந்தது. அந்தப் பூவை வைத்து எழுதிய நீண்ட இரங்கற்பாவில் லிங்கன் பெயர் ஒரு இடத்திலும் வராது. என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த கவிதை அதுதான்.

புகழ் கிடைத்தது ‘ஓ கேப்டன்’ பாட்டுக்கு. இயைபு வைத்து, சந்தம் வைத்து, அவர் பாணிக்கே ஒட்டாமல் எழுதிய பாட்டு. கூட்டங்களில் அதையே கேட்டுக் கேட்டு, ஏன் எழுதினோம் என்று முதுமையில் நொந்துகொண்டார்.

தெற்குப் படைவீரர்களை எப்படி நடத்தினார்?

வித்தியாசம் பார்க்காமல். போரின் கடைசி வாரங்களில் பீட்டர்ஸ்பர்க்கில் மேரிலாந்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் ஒரே நாளில் காயம்பட்டார்கள். ஒருவர் வடக்குப் படை, மற்றவர் தெற்குப் படை. நான்கு ஆண்டு பிரிந்திருந்த இருவரும் ஒரே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள்; இருவருமே பிழைக்கவில்லை. கால் வெட்டப்பட்ட தெற்குச் சிப்பாய், தாம் யார் பக்கம் என்று சொல்லித் தயங்கினார். அதனால் எனக்கு எந்த மாற்றமும் இல்லை என்று விட்மன் சொல்லி, சாகும்வரை அருகில் இருந்தார்.

அடிமை முறையையும் கறுப்பின மக்களையும் பற்றி அவர் நிலை என்ன?

இங்கே அவரைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அடிமை முறை பரவுவதை எதிர்த்தார்; உடனடி ஒழிப்பு கேட்டவர்களோடு சேரவில்லை. அவருக்கு முதலில் முக்கியம் நாட்டின் ஒற்றுமை. கறுப்பினச் சிப்பாய்களின் மருத்துவமனைகளுக்கும் போனார் என்பது உண்மை. 1864 செப்டம்பரில் ஜார்ஜ் எதிரிகளிடம் கைதியானபோது, கைதிப் பரிமாற்றம் தடைபட்டதற்காகத் தம் அரசையே கண்டித்து நியூயார்க் டைம்ஸில் எழுதினார். பரிமாற்றம் நின்றதற்கு ஒரு காரணம், கறுப்பினக் கைதிகளைச் சமமாக நடத்தத் தெற்கு மறுத்தது. தம்பியின் உயிர் பெரிதாகத் தெரிந்த அளவுக்கு இந்த நியாயம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போருக்குப் பிறகு கறுப்பின மக்களைத் தாழ்த்தியும் பேசியிருக்கிறார். ஜார்ஜ் 1865 பிப்ரவரியில் உயிரோடு திரும்பினார்.

அவர் ஆண்களை நேசித்தவர் என்கிறார்களே?

பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு அதுதான். கால் எடுக்கப்பட்ட லூயிஸ் பிரவுன் என்ற சிப்பாயின் அடுத்த கட்டிலிலேயே சில இரவுகள் படுத்து அவரைப் பார்த்துக்கொண்டார். 1865இல் அறிமுகமான பீட்டர் டாயில், குதிரை டிராமின் கண்டக்டர், முன்னாள் தெற்குச் சிப்பாய். பல ஆண்டுத் துணை. லிங்கன் சுடப்பட்ட இரவில் அந்த நாடக அரங்கில் இருந்தவர். ஒரு ஆங்கில எழுத்தாளர் 1890இல் நேரடியாகக் கேட்டபோது விட்மன் கோபமாக மறுத்து, தமக்கு ஆறு குழந்தைகள் உண்டு என்றார். ஒரு குழந்தையைக்கூட யாரும் கண்டுபிடிக்கவில்லை.

போர் அவரை எப்படி விட்டது?

உடம்பு கெட்டது. 1864 கோடையில் தலைச்சுற்றல், தொண்டை வலி. டாக்டர்கள் ஊருக்குப் போகச் சொன்னார்கள், ஆறு மாதம் வீட்டில் கிடந்தார். 1865 ஜனவரியில் உள்துறையின் செவ்விந்தியர் அலுவலகத்தில் ஆண்டுக்கு 1,200 டாலர் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஜூனில் புதிய அமைச்சர் ஜேம்ஸ் ஹார்லன், மேசையில் இருந்த ‘புல்லின் இதழ்கள்’ பிரதியைப் பார்த்து வேலையை விட்டு நீக்கினார். நண்பர்கள் மறுநாளே அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த நீக்கத்தைக் கண்டித்து ஓ’கானர் எழுதிய துண்டு நூல்தான் விட்மனை ‘நல்ல நரைத்த கவிஞர்’ ஆக்கியது. 1873இல் பக்கவாதம். 1892 மார்ச் 26 அன்று நியூ ஜெர்சியின் கேம்டனில் காலமானார்.

தமிழோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. பாரதியார் விட்மனைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். எதுகை, மோனை, தளை எதுவும் இல்லாமல் வசனம்போல ஓடும் கவிதை என்று எடுத்துச் சொன்னார். பாரதியின் வசன கவிதைகளைப் பேசும்போதெல்லாம் விட்மன் பெயர் வருவது அதனால்தான். ந. பிச்சமூர்த்தியும் தமது புதுக்கவிதை முயற்சிக்கு விட்மனைத் தூண்டுதலாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

‘ஓ கேப்டன்’ வேண்டாம். 1865இல் வந்த ‘டிரம் டாப்ஸ்’ தொகுப்பிலும் முரசு கொட்டும் முதல் பாடல்களைத் தாண்டிவிடுங்கள். அவை மருத்துவமனையைப் பார்க்காத ஆள் எழுதியவை. ஸ்ட்ரெச்சர் கவிதை, கடிதம் வரும் கவிதை, காயத்துக்குக் கட்டுப் போடும் கவிதை, பிறகு லைலாக் இரங்கற்பா என்று போகலாம். உரைநடையில் 1875இல் அச்சான போர்க் குறிப்புகள் சின்ன நூல். அவற்றைச் சேர்த்து 1882இல் வந்த ‘ஸ்பெசிமன் டேஸ்’ எளிதில் கிடைக்கும். உண்மையான போர் ஒருநாளும் புத்தகத்துக்குள் வராது என்று அதில் எழுதியவரும் அவரே, அதைப் புத்தகத்துக்குள் கொண்டுவர ஓயாமல் முயன்றவரும் அவரே. நேரம் குறைவு என்றால் தாய்க்கு எழுதிய கடிதங்கள் மட்டும் போதும். ஐஸ்கிரீம், கிழிந்த சட்டை, தம்பி ஜார்ஜ், யார் எந்த வார்டில் இறந்தார்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும்.